கோட்டுக்கு வெளியே: 28 மி.மீ. லென்ஸுடன் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தொம்மலூருக்கு

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், எல்லாம் பெங்களூருக்குள்ளேயே. இதைப் பயணம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்பவர்கள் மன்னிப்பார்கள். நமக்கு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே வெளியூர்.

போனதற்கு இரண்டு காரணம். ஒன்று, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒருவர் தன் 28 மி.மீ. லென்ஸை விற்கிறார். எஃப்/2. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் செய்தது. விளம்பரப் படத்தில் இரண்டு தீப்பெட்டியை அடுக்கிவைத்த உயரம்தான் இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு வெளிச்சம் வாங்கும் அகலக் கோண லென்ஸ் அடிக்கடி விற்பனைக்கு வராது. இன்னொரு காரணம், செல்வி.

செல்வி என் டீமில் டெஸ்டர். தொம்மலூரின் பழைய ஊருக்குள் பிறந்து வளர்ந்தவர். அந்த வீட்டை பில்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு சாவி கைமாறும். அண்ணன் நாகராஜ் குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் போகிறார். தம்பி குமாரும் மனைவியும் கே.ஆர். புரம். செல்வி எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பி.ஜி. விடுதிக்கு. அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகிறது. ஒரே முற்றம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு, நடுவில் ஒரு குழாய். ஏன் பேசுவதில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"மூணு பேரும் ஒண்ணா இருக்கற போட்டோ ஒண்ணுகூட இல்ல," என்றார் கேன்டீனில். "இனிமே நடக்காது. ரெண்டா எடுத்துக் கொடுங்க. அண்ணன் வீட்டோட ஒண்ணு, தம்பி வீட்டோட ஒண்ணு. ரெண்டுலயும் நான் நின்னுக்கறேன்."

"போன்லயே எடுக்கலாமே?"

"எடுத்தேனே. எடுத்த உடனே பிடுங்கிப் பாக்கறாங்க. அவன் கை தெரியுது, அழின்னு ஒருத்தர். அவர் வண்டி வந்திருக்கு, அழின்னு இன்னொருத்தன். உங்களதுல பாக்க முடியாதில்ல?"

முடியாது. ஃபிலிம். என் கேமராவின் குறை ஒன்று முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படப்போகிறது. சரி என்றேன். ஒன்பதடி முற்றம், பின்னால் தள்ளிப் போக இடமில்லை, மேலே தார்ப்பாய், வெளிச்சமும் கம்மி என்று செல்வி சொன்னபோது, இதற்குத்தான் இந்த லென்ஸ் என்று தோன்றியது. அல்லது லென்ஸ் வாங்க எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது.

மூன்று வாரமாக ரிலீஸ் வேலை. சனிக்கிழமையும் லேப்டாப். ஞாயிறு காலை 6.40க்கு எழுந்தபோது கண் எரிந்தது. நீலாத்ரி ரோட்டில் நின்றுகொண்டே ஒரு காபி, 20 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏழு மணிக்குத்தான் தொடங்கும். முன்னால் போய் நிற்காதீர்கள். மஞ்சள் தடம், ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி, எம்.ஜி. ரோடு. கார்டில் எண்பது சொச்சம் பிடித்தது. ஒரு மணி இருபது நிமிடம். இரண்டு இடத்தில் மாறும்போதும் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. சரியாகத்தான் போனது.

எம்.ஜி. ரோட்டிலிருந்து ஆட்டோ. நாலரை கிலோமீட்டர், 110 ரூபாய். கழுத்தில் தொங்கிய கேமராவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார் டிரைவர்.

"அது ஓடுதா சார், இல்ல சும்மா மாட்டிருக்கீங்களா?"

"ஓடுதுண்ணா."

"எங்க மாமா வெச்சிருந்தாரு இதே மாதிரி. நாப்பது பேரை நிக்க வெச்சு எடுப்பாரு. கழுவிப் பாத்தா முப்பத்தொம்பது தலைதான் இருக்கும்."

"அந்த ஒருத்தர்?"

"எப்பவும் நான்தான் சார்."

8.55க்கு ரிச்சர்ட்ஸ் டவுன். அகலத் தெருக்கள், நிழல், பழைய பங்களாக்களுக்கு நடுவே புது அபார்ட்மென்ட். விற்பவர் பெயர் காட்வின். முப்பத்தைந்து வயது இருக்கும். சர்ச்சுக்குக் கிளம்பிய உடையில், தோளில் ஒரு குழந்தையோடு, ஒரு கையால் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

இங்கே கொஞ்சம் விவரம். இந்த லென்ஸ் திருகி மாட்டும் வகை. என் கேமரா செருகித் திருப்பிப் பூட்டும் வகை. நடுவில் ஒரு மெல்லிய பித்தளை வளையம் வேண்டும். அதுதான் அடாப்டர்.

"அடாப்டர் அதுலயே இருக்குங்க. நான் கழட்டிப் பாத்தேன், வரல. டைட்டா பிடிச்சிருக்கு. அப்படியே விட்டுடுங்க," என்றார் காட்வின்.

"நீங்க எந்தக் கேமராவுல போட்டிருந்தீங்க?"

"மிரர்லெஸ் டிஜிட்டல்ல. அதையும் வித்தாச்சு. இவன் வந்ததுலேர்ந்து கைல வேற எதுவும் நிக்கறதில்ல."

உள்ளிருந்து ஒரு குரல். "காட்வின்! பெல் அடிச்சாச்சு. கர்த்தரைவிட லென்ஸ் பெருசா?"

"அஞ்சு நிமிஷம்மா. அவர் டார்ச் அடிச்சுப் பாக்கணுமாம்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் பூஞ்சை இல்லை. திறப்புத் தகடுகளில் எண்ணெய் இல்லை. ஃபோகஸ் வளையம் சீராகச் சுழன்றது. 38,000 ரூபாய். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றார். பணத்தை அனுப்பிவிட்டுக் கேமராவில் பூட்டினேன். கிளிக். பூட்டியதே தெரியவில்லை, அவ்வளவு சின்னது. கோட் பாக்கெட்டில் கூட அடங்கும். என்னிடம் கோட் இல்லை.

இந்தக் கேமரா தெரியாதவர்களுக்கு: ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் தனி ஜன்னல். அதற்குள் ஒளிக்கோடு ஒரு சட்டம் போல் தெரியும். சட்டத்துக்குள் இருப்பது படத்தில் வரும். சட்டத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும், படத்தில் வராது. யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கலாம். இதுதான் இந்தக் கேமராவின் பெருமை என்று எல்லாரும் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

28க்குக் கோடு ஜன்னலின் விளிம்பிலேயே இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு நான்கு ஓரமும் தெரியாது என்று ஆன்லைன் கேமரா குழுக்களில் புலம்பியிருந்தார்கள். எனக்குக் கண்ணாடி உண்டு. பயந்துகொண்டே கண்ணை வைத்தேன். நான்கு ஓரமும் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் தாராளமாக இடம் வேறு. மற்றவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் நடந்தேன். பூங்காவின் கம்பி வேலி, சர்ச் வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர்கள், ஒரு வெள்ளைச் சுவர், அதில் மரத்தின் நிழல். பதினோரு படம். ஃபோகஸ் வளையத்தில் விரல் வைக்க ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. பார்க்காமலேயே தூரம் வைக்கலாம். மூன்றடிக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. சூரியன் ஓரத்தில் இருந்தால் படம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். எட்டாவது படத்தில் கால் வலித்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சர்ச்சுக்குள் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே தூங்கியிருப்பேன்.

10.40க்கு ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், 160 ரூபாய், 25 நிமிடம். தொம்மலூரில் கண்ணாடி ஆபீஸ்களுக்குப் பின்னால் திரும்பினால் தெரு திடீரென்று ஆறடி ஆகிவிடும். ஆட்டோ உள்ளே வராது. தெருமுனையில் செல்வி நின்றிருந்தார். ஆபீஸில் பார்த்தவர் இல்லை. அரக்குப் பட்டு, தலையில் பூ.

"ரெண்டு பேரும் ரெடி," என்றார். "யார் வீட்டுக் காபி முதல்ல குடிக்கறீங்கன்னு ரெண்டு வீட்லயும் பாத்திட்டிருக்காங்க. குடிக்காதீங்க."

குடிக்கவில்லை. முற்றம் சொன்னபடியே இருந்தது. மேலே நீலத் தார்ப்பாய், அதற்கு மேல் பக்கத்து அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி. காலையா மாலையா என்று தெரியாத வெளிச்சம். குழாயை இந்த வீட்டில் கன்னடப்படி நல்லி என்கிறார்கள். அதற்கு நேரம் பிரித்திருக்கிறார்கள். காலை எட்டு மணிவரை அண்ணன் வீட்டுக்கு. அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு. எட்டு வருடமாக ஒரு நாளும் தப்பியதில்லை என்று செல்வி சொன்னார், ஏதோ பெருமை போல.

முதலில் அண்ணன் வீடு. நாகராஜ், அவர் மனைவி, பள்ளி யூனிஃபார்மில் மகன். யூனிஃபார்ம்தான் இஸ்திரி போட்டு இருந்ததாம். வலது ஓரத்தில் செல்வி. எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனேன். அப்போதும் சட்டத்துக்குள் நாலு பேரும் அடங்கவில்லை. அகலக் கோணத்துக்கே இந்தக் கதி என்றால் இது எவ்வளவு குறுகலான முற்றம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. இன்னும். அண்ணி, தோளோட தோள்."

"இதுக்கு மேல நெருங்கினா கல்யாண ஆல்பம் ஆயிடும்," என்றார் அண்ணி. நாகராஜ் சிரிக்கவில்லை. அவர் என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை, பக்கத்திலும் பார்க்கவில்லை. நேராக என் நெற்றியைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பக்கம் இதுல வரக்கூடாது. வந்தா எனக்குப் போட்டோவே வேணாம்."

அந்தப் பக்கம் என்றால் குமார். தன் கதவுக்கு வெளியே வந்து குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, ஈரத் தலையை வாரி, தன் முறைக்குக் காத்திருந்தார். செல்வியிடமிருந்து மூன்றடி.

"அந்தப் பக்கத்தாரை உள்ள போகச் சொல்லுங்க," என்றார் நாகராஜ், என்னிடம்.

"சார், அவருக்குச் சொல்லுங்க," என்றார் குமார், அவரும் என்னிடம். "எட்டு மணிக்கு மேல நல்லி எங்களுது. எங்க நல்லிகிட்ட நான் நிக்கறேன். அவர் போட்டோவுல வர எனக்கென்ன ஆசையா?"

"டேய், பிடுடா," என்றார் செல்வி மெதுவாக. விட்டுவிடு என்று அர்த்தம்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி இல்லை. எனக்குக் களைப்பாக இருந்தது. ஜன்னலில் கண்ணை வைத்தேன். சட்டத்துக்குள் நாலு பேர். கோட்டுக்கு வெளியே, நல்ல தூரம் தள்ளி, குமார்.

"வரமாட்டார்ணா. கோட்டுக்கு வெளியே இருக்கார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எஃப்/2, 1/125. மூன்று முறை அழுத்தினேன்.

பிறகு தம்பி வீடு. நாகராஜ் உள்ளே போய்விட்டார். குமார், அவர் மனைவி, நடுவில் செல்வி. மூன்று படம். மீதி இருந்ததைக் கதவு, குழாய், தார்ப்பாயின் ஓட்டை என்று முடித்தேன். 12.20. இப்போது இரண்டு வீட்டிலும் காபி குடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டில் கெட்டி. தம்பி வீட்டில் சர்க்கரை அதிகம். இரண்டிலும் ஒரே சிக்கரி வாசனை.

திரும்ப சில்க் போர்டுவரை ஒரு பஸ், அங்கிருந்து மேம்பாலம் ஏறும் பஸ் ஒன்று. பதினெட்டு கிலோமீட்டர், இரண்டும் சேர்த்து 55 ரூபாய். மேம்பாலத்தில் ஏறியதும் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர். நடந்தே வந்தேன். 2.50.

திங்கட்கிழமை ரோலைக் கழுவக் கொடுத்தேன். ஸ்கேனோடு 650 ரூபாய். வியாழன் மதியம் மெயிலில் வந்தது. ஒரு மீட்டிங்கில் லேப்டாப் கேமராவை அணைத்துவிட்டுத் திறந்தேன்.

முதலில் ரிச்சர்ட்ஸ் டவுன். எல்லாம் தள்ளிப்போய் நின்றது. வெள்ளைச் சுவரின் பக்கத்தில் குப்பைத்தொட்டி. ஸ்கூட்டர்களின் பக்கத்தில் யாரோ ஒருவரின் பாதி உடம்பு. கம்பி வேலிக்குக் கீழே என் ஷூ. நான் வேண்டாம் என்று விட்டது எல்லாம் வந்திருந்தது.

ஐந்து நிமிடம் புரியவில்லை. பிறகு அடாப்டர் நினைவுக்கு வந்தது. எந்தச் சட்டம் ஜன்னலில் தெரிய வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்வது அந்த வளையத்தின் விளிம்புதான். 28க்கு ஒன்று, 35க்கு ஒன்று, 50க்கு ஒன்று. லென்ஸில் இறுகியிருந்தது 50க்கானது, அதன் சட்டம் 28இன் சட்டத்தைவிட ரொம்பச் சின்னது. காட்வினின் மிரர்லெஸ்ஸில் சட்டமே கிடையாது. அங்கே எந்த வளையமும் சரிதான். நானோ இரண்டு வருடமாக 50 லென்ஸோடு மட்டுமே திரிபவன். அதே சட்டம் மறுபடி தெரிந்தபோது சந்தேகம் வரவில்லை. பழகிய கோடு. அதை நம்பித்தான் சத்தியம் செய்தேன்.

தொம்மலூரைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

நாலு பேர் படத்தின் நடுவில், தோளோடு தோள், மூச்சுவிட இடமில்லாமல். இரண்டு பக்கமும் வேண்டிய அளவு முற்றம். நெருங்கி நிற்கச் சொன்னது நான். வலது ஓரத்தில் குழாய். குழாய்க்குப் பக்கத்தில் குமார், முழுதாக. முழுத் திறப்பில் இந்த லென்ஸ் ஓரங்களை இருட்டாக்கும், கொஞ்சம் மங்கலாக்கும், பக்கவாட்டில் இழுக்கும். வாங்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குமார் அந்த இருட்டில், முகம் சற்று அகலமாக, நின்றிருந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று படத்திலும்.

தம்பி வீட்டுப் படத்தின் இடது ஓரத்தில் யாரும் இல்லை. அண்ணன் வீட்டுக் கதவு மட்டும். சாத்தவில்லை. பாதி திறந்திருந்தது.

திரையில் 50இன் அளவுக்கு வெட்டிப் பார்த்தேன். நான் பார்த்தது அப்படியே கிடைத்தது. நாலு பேர், சத்தியம் காப்பாற்றப்பட்ட படம். அரை நிமிட வேலை. இதை மட்டும் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கும் ஒரே படம் என் லேப்டாப்பில் கிடக்கும். செல்வியை கேன்டீனுக்குக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். வெட்டியதை முதலில் போனில் காட்டினேன். பிறகு முழுதை.

அவர் போனை வாங்கி, வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டீ ஆறியது.

"அந்தச் சட்டை," என்றார் கடைசியில். "அவன் கல்யாணத்துக்கு வாங்கினது. இந்தப் போட்டோவுக்காகப் போட்டிருக்கான்."

"அண்ணாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன், செல்வி."

"தெரியும். நானும்தான் நின்னேனே." போனைத் திருப்பி வைத்தார். "அவருக்கு வெட்டினதைக் கொடுத்துடலாம். கேட்டதைக் கொடுக்கணும். இது எனக்கு. பி.ஜி. ரூம்ல மாட்டிக்கறேன். அங்க யாரும் வந்து அழின்னு சொல்லமாட்டாங்க."

வெள்ளிக்கிழமை மூன்று பிரின்ட் போட்டேன். எட்டுக்குப் பத்து அங்குலம், ஒன்று 180. சனிக்கிழமை செல்வி எடுத்துப் போனார். நான் அறையில் படுத்திருந்தேன். மாலையில் போன்.

"அண்ணன்கிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"நல்லி எங்கன்னு கேட்டார்."

"என்னது?"

"நல்லி எங்கன்னு. இத்தனை வருஷம் தண்ணி பிடிச்ச நல்லி, அது இல்லாம என்ன வீட்டுப் போட்டோன்னு கேக்கறார். நல்லி வர்ற மாதிரி ஒண்ணு இல்லையான்னு உங்களைக் கேக்கச் சொன்னார்."

குழாய்க்குப் பக்கத்தில் யார் நின்றார் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே போகச் சொன்னதே அவர்தான்.

"நல்லி தனியாவும் ஒண்ணு எடுத்திருக்கேன்," என்றேன்.

"அதையும் சொன்னேன். அது வேணாமாம். எல்லாரும் நிக்கறதுல நல்லி வரணுமாம்."

"இருக்குன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன்," என்றார் செல்வி. "கொஞ்சம் பெருசாவே போடச் சொன்னார்."

அன்று இரவே பிரின்ட் போட்டு, ஞாயிறு காலை முதல் பஸ் பிடித்து, ஓசூர் வண்டி கிளம்புவதற்கு முன்னால், பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாகராஜ் வாங்கி, பிரித்துப் பார்க்காமல், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் துணிகளுக்கு நடுவில் வைத்தார். குமார் அப்போது அண்ணன் வண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. மணி ஏழரை, எட்டாக இன்னும் அரை மணி. குமாரின் மனைவி ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

லென்ஸைத் திருப்பித் தரவில்லை. நல்ல லென்ஸ். சின்னது, கனமில்லை, நடுவில் கூர்மை, எஃப்/4க்கு மேல் ஓரங்களும் தெளியும். வாங்குபவர்கள் பூஞ்சையைப் பார்ப்பது போல அடாப்டரில் பொறித்த எண்ணையும் பாருங்கள். பழையதைக் கழற்ற ரப்பர் கையுறை போட்டுத் திருகினால் போதும். சரியான வளையம் 1,900 ரூபாய், வந்து சேர நாலு நாள். நேற்று மாட்டினேன். குழுக்களில் சொன்னது உண்மைதான். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் 28இன் நான்கு ஓரமும் தெரிவதில்லை.